மெயின் சுவிட்சுக்குப் பூசிய விபூதி

எனக்கு இருபத்தேழு வயதானபோது மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். திருப்பதியில், ரேணிகுண்டா போகிற சாலை ஓரத்தில், தகரக் கொட்டகை போட்ட தொழில் பயிற்சி நிலையம் அது. எலக்ட்ரீஷியன் பிரிவில் நாங்கள் பதினாறு பேர். மற்ற பதினைந்து பேருக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை. எனக்கோ வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், ஒரு எருமை.

அதற்கு முன்பு புத்தூரில் ஒரு நெல் மில்லில் வேலை பார்த்தேன். ஆயில் எஞ்சினை எடுத்துவிட்டுக் கரெண்டு மோட்டார் வைத்த நாளிலிருந்து அதன் பக்கத்திலேயே இருந்தேன். அது போடுகிற சத்தத்தைக் கேட்டே சூடு ஏறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் ஒரு பியூஸ் போனால்கூட நான் கை வைக்கக் கூடாது. சித்தூரிலிருந்து பர்மிட் வைத்திருக்கிற வயர்மேன் வரவேண்டும். அவர் பஸ் பிடித்து வந்து, காபி குடித்து, ஒரு கம்பியை மாற்றிவிட்டுப் போவார். அதுவரைக்கும் நெல் மூட்டையோடு வந்த ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் திட்டுவார்கள்.

ஒருநாள் மில் முதலாளி சலித்துப்போய்ச் சொன்னார்: “நீயே போய் அந்த பர்மிட்ட வாங்கிக்கினு வாயேன்யா. மோட்டார உன் கையில குடுத்துட்டு நான் நிம்மதியா இருக்கேன். ஒரு வருசம் உன் எடத்துல வேற ஆள வெச்சி ஓட்டிக்கறேன். அதுக்கு மேல என்னால ஆவாது.”

பயிற்சி நிலையத்தில் பரீட்சை தேறினால் சர்டிபிகேட் தருவார்கள். அதைக் காட்டினால் பர்மிட். ஆனால் சேருவதற்கான வயது எனக்குத் தாண்டிவிட்டிருந்தது. மில்லில் வேலை பார்த்ததை முதலாளி எழுதிக் கொடுத்தார். அதை வைத்து, ஒரே ஒரு தடவை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த உத்தரவுக் காகிதத்தை ஆபீஸ் குமாஸ்தா தெலுங்கில் படித்து எனக்கு விளக்கினார். பரீட்சையில் தவறினால் மறுபடி எழுத எனக்கு இடமில்லை. மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் உண்டு. எனக்கு அந்த ஒரு வருஷம்தான்.

என் மனைவி எனக்கு அத்தை மகள். அவள்தான் முதலில் தலையாட்டினாள். “எருமை கறக்குது, வயித்துப்பாட்ட நான் பாத்துக்கறேன். நீ போ மாமா. ஒரு வருசம் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள பூடும்” என்றாள். சனிக்கிழமை சாயந்திரம் ரயிலேறிப் புத்தூர் வருவேன், திங்கள் விடியற்காலை திரும்பிப் போவேன்.

கரெண்டுப் படிப்பு என்றால் முதல் நாளே வயரைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுத்ததோ உளியும் சுத்தியலும். முதல் இரண்டு மாதம் சுவரைக் கொத்தினோம். சுவரில் சின்னக் குழி கொத்தி, அதில் மரக்கட்டையை இறுக்கி, சிமெண்டு பூசி, காய்ந்தபிறகு அதன்மேல் தேக்குச் சட்டத்தை முடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்மேல்தான் வயர் போகும். சட்டம் கோணினால் எங்கள் வாத்தியார் ஒன்றும் பேசமாட்டார். தள்ளிப் போய் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் கோணலுக்குத் தக்கபடி தானும் சாய்ந்து நிற்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மறுபடி பிடுங்கிப் போடுவோம்.

அந்த வாத்தியார் என்னைவிட இரண்டு வயது சின்னவர். பெஜவாடா பக்கத்துக்காரர். என்னைப் “பெத்தாயனா” என்றுதான் கூப்பிடுவார், பெரியவரே என்று அர்த்தம். நானும் சிரித்துக்கொண்டே போவேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. இரண்டையும் கலந்துதான் பாடம் நடக்கும்.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மோட்டாருக்கோ போர்டுக்கோ யாரும் பொட்டு வைக்கக்கூடாது, மாலை போடக்கூடாது. எங்களுக்கு முந்தின செட்டு ஆட்கள் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பெரிய சாமந்தி மாலை போட்டு அப்படியே சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். மாலை தண்டில் சுற்றிக்கொண்டு பிய்ந்து, பூவும் நாருமாகப் பறந்து வாத்தியார் முகத்தில் அடித்ததாம். அன்றிலிருந்து “கொண்ட மீத தேவுடு, போர்டு மீத கரெண்டு” என்பார். மலைமேல் சாமி, போர்டுமேல் கரெண்டு, இரண்டையும் கலக்காதே என்று அர்த்தம். அவர் பக்தியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை நடந்தே திருமலைக்குப் போய் வருகிறவர். காலையில் கொட்டகையைத் திறந்ததும் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைப் பையில் போடுவார்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பிச்சாட்டூர் பக்கத்துக்காரன். அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, கூலி வேலை செய்கிற குடும்பம். அவன்தான் அந்த வீட்டில் எட்டாவது வரைக்கும் முதலில் படித்தவன். முதல் வாரம் சாப்பாட்டு வேளையில் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு தனியாகப் புளியமரத்தடிக்குப் போய்விடுவான். நான் பார்த்துப் பார்த்து, ஒருநாள் கூப்பிட்டேன்.

“இன்னாடா அங்க தனியா குந்திக்கினு? இங்க வந்து துன்னு.”

“நீங்க வேற ஆளுங்கணா. அப்பறம் ஊர்ல போயி சொல்லுவீங்க.”

“இன்னான்னு சொல்லுவேன்? உன் கொழம்பு என் கொழம்ப விட நல்லா இருக்குதுன்னா?”

வந்து உட்கார்ந்தான். குழம்பு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரே போசியில் தொட்டுச் சாப்பிட்டோம்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எல்லை எங்கே போடுவது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நிற்கிறது என்று டீக்கடையில் தினமும் சொன்னார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருப்பவன், “நான் பர்மிட்டு வாங்கறதுக்குள்ள எங்க ஊரு எந்தப் பக்கம் இருக்கும்னே தெர்லணா” என்பான். எனக்கு வேறு கவலை. மாதம் தவறாமல் நான் கும்பிடுகிற முருகன் வேறு ராஜ்யத்துக்குப் போகிறானே என்று. மனைவியிடம் சொன்னேன். “அதே ரயிலு, அதே படி. சாமி இன்னா நம்மள டிக்கெட்டா கேக்கப் போவுது?” என்று முடித்துவிட்டாள்.

வருஷம் ஓடிக் கடைசிப் பரீட்சை வந்தது. ஆளுக்கு ஒரு மரத்தடுப்புச் சுவர். அதில் மெயின் சுவிட்சிலிருந்து தொடங்கி, பியூஸ் பெட்டி, இரண்டு லைட்டு, ஒரு பேன், மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று சுவிட்சு என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் இரண்டு நாளில் போட்டு முடிக்கவேண்டும். மூன்றாம் நாள் சித்தூரிலிருந்து பரீட்சை அதிகாரி வந்து சோதிப்பார்.

இரண்டாம் நாள் சாயந்திரம் வேலையை முடித்தேன். சட்டமெல்லாம் நூல் பிடித்தமாதிரி இருந்தது. வாத்தியார் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார், அவர் தலை நேராகவே நின்றது. “பாகுந்தி பெத்தாயனா” என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய பட்டம்.

அன்று கிருத்திகை. நான் விரதம். வெளியே விடாத மழை. மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். நான் போட்ட வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு செய்தோமே, அப்பன் முருகன் பேரைச் சொல்லி ஒரு பொட்டு வைக்காமல் போவதா என்று மனசு கேட்கவில்லை. வெளியே வைத்தால் வாத்தியார் பார்த்துவிடுவார். மெயின் சுவிட்சின் இரும்பு மூடியைத் திறந்தேன். உள்ளே பீங்கான், நெற்றிமாதிரி வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது. மடியில் திருத்தணி விபூதிப் பொட்டலம் இருந்தது. பானைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பட்டையாகப் பூசினேன். நெற்றிக்குப் பூசுவது போலத்தானே பூசவேண்டும், பாதியில் நிறுத்தலாமா? கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு மூடியை மூடினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். தடித்த கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சித்தூர்க்காரர், அதனால் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். கரெண்டு கொடுப்பதற்கு முன்னால் மெகர் வைத்துப் பார்ப்பார்கள். கைப்பிடி போட்ட ஒரு பெட்டி அது. இரண்டு கம்பியை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் முள் ஆடும். முள் மேலே போய் நின்றால் வயரிங் சுத்தம். கீழே சுழியை நோக்கி வந்தால் கரெண்டு எங்கேயோ இரும்புக்குக் கசிகிறது, தொட்டவன் அடிபடுவான் என்று அர்த்தம்.

என் பெஞ்சுப் பக்கத்துக்காரன் போர்டில் முள் மேலே போய் நின்றது. அவன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அடுத்தது என்னுடையது. அதிகாரி சுற்றினார். முள் மேலே போகவில்லை. சறுக்கிக்கொண்டு கீழே வந்து படுத்துவிட்டது. மறுபடி சுற்றினார், மறுபடியும் அப்படியே.

வாத்தியார் முகம் செத்துப்போயிற்று.

“அரைமணி நேரம் தரேன்” என்றார் அதிகாரி. “பழுத கண்டுபிடிச்சி சரி பண்ணா மார்க்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கண்டுபிடிக்கலன்னா பெயில்.” மெகரை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போனார்.

மில் முதலாளி சொன்ன ஒரு வருஷம் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மூலையில் வயரைச் சட்டத்தோடு பிடிக்கிற கிளிப்பை அடித்தபோது ஆணி வயரில் இறங்கியிருக்கும் என்று தோன்றிற்று. ஒரு கிளிப்பைப் பிடுங்கினேன். ஒன்றுமில்லை. இன்னொன்றைப் பிடுங்கினேன். அதிலும் ஒன்றுமில்லை. நேர்த்தியாகப் போட்ட வேலையை நானே பிய்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். “முருகா” என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.

அப்போதுதான் வருஷம் முழுவதும் செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. பழுதைத் தேடி ஓடக்கூடாது, நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒதுக்கவேண்டும். மிஞ்சுவதில்தான் பழுது இருக்கும். ஒரு லைட்டுப் பாதையின் பியூஸைப் பிடுங்கி அதை மட்டும் சோதித்தேன். முள் மேலே போயிற்று. அடுத்த பாதை, அதுவும் மேலே. பேன் பாதையும் மேலே. எல்லாப் பியூஸையும் பிடுங்கிவிட்டு மெயினை மட்டும் சோதித்தேன். முள் படுத்துவிட்டது.

மெயினில் நான் முடுக்கியது நாலே திருகு. அதில் என்ன தப்பு வரும் என்று மூடியைத் திறந்தேன்.

மூன்று பட்டையும் ஈரம் காயாமல் அப்படியே இருந்தன. இந்தப் பக்கத்து இரும்பில் தொடங்கி, திருகுகளை மூடிக்கொண்டு, அந்தப் பக்கத்து இரும்பு வரைக்கும். மூன்று கம்பி இழுத்ததுபோல் கரெண்டுக்கு நானே வழி போட்டுக் கொடுத்திருந்தேன்.

பக்கத்துக்காரன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. காதோடு காதாகச் சொன்னான்: “தொடைச்சிட்டு மூடுணா. கிளிப்புதான் ரெண்டு பிடுங்கி வெச்சிக்கினு இருக்கியே, ஆணி எறங்கிட்சின்னு சொல்லு. எவனுக்குத் தெரியும்?”

நியாயமாகத்தான் பட்டது. அதிகாரி அந்தக் கோடியில் இருந்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பையிலிருந்து காய்ந்த துணியை எடுத்தேன். ஆனால் விபூதியைத் துணியால் துடைத்துக் கீழே உதற எனக்கு மனசு வரவில்லை. முதலில் விரலால் வழித்தேன். வழித்ததை எங்கே வைப்பது? நெற்றியில்தான் பூசிக்கொண்டேன். பிறகுதான் துணி போட்டு ஈரம் போகத் துடைத்து, திருகு திருகாக ஊதிக் காயவைத்தேன். மெகரைச் சுற்றினேன். முள் தயங்கித் தயங்கி மேலே ஏறிப் போய் நின்றது.

அதிகாரி வந்தார். அவரே ஒருதடவை சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க இருந்துச்சு பழுது?” என்றார்.

ஆணி என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நெற்றி நிறைய முருகன் விபூதியை ஈரத்தோடு பூசிக்கொண்டு அவன் பேரிலேயே எப்படிப் பொய் சொல்வது?

“மெயினுக்குள்ள சார். நேத்து கிருத்திகை. நான்தான் விபூதி பூசினேன். ஈரம் காயல.”

எங்கேயோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டு, “அய்யோ பெத்தாயனா! கொண்ட மீத தேவுடு அனி எந்நி சார்லு செப்பானு!” என்றார். எத்தனை தரம் சொன்னேன் என்று அவர் புலம்பினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் நெற்றியைப் பார்த்தார்.

“விபூதி சாம்பல்தானே. சாம்பல்ல எப்பிடிய்யா கரெண்டு போவும்?”

புத்தகத்தில் அதற்குப் பதில் இருந்ததா, எனக்குத் தெரியாது. வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். “காஞ்ச சாம்பல்ல போவாது சார். சாம்பல்ல உப்பு இருக்குது. எங்க வீட்ல சாம்பல தண்ணியில கரைச்சி, தெளிவ எடுத்துத்தான் துணி வெளுக்கறாங்க. கை எரியும். எர்த்து குழியில கரியும் உப்பும் போட்டு தண்ணி ஊத்தறோம் இல்ல சார், கரெண்டு சுளுவா எறங்கறதுக்கு. நான் அதையே மெயினுக்குள்ள பண்ணிட்டேன்.”

அவர் வாத்தியாரிடம் ஒரு பழைய பியூஸ் பீங்கானைக் கொண்டுவரச் சொன்னார். “பொட்டலம் மிச்சம் இருக்குதா?” என்று என்னைக் கேட்டார். காய்ந்த விபூதியைப் பீங்கான்மேல் தூவி மெகரைச் சுற்றச் சொன்னார். முள் மேலேயே நின்றது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சுற்றச் சொன்னார். முள் விழுந்தது. மற்ற பதினைந்து பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“நல்லா பாத்துக்குங்கடா” என்றார் அவர். “நாளைக்கி நீங்க வயரிங் பண்ற ஒவ்வொரு வூட்லயும், மில்லுலயும், புதுமனை புகறப்ப சுவிட்சு மேல மஞ்சளும் குங்குமமும் வெப்பாங்க. வேணாம்னு சொன்னா உங்கள அடிக்க வருவாங்க. எங்க வெக்கலாம்னு காட்டிக் குடுங்க.” பிறகு என்னிடம், “உனக்கு மார்க்கு குறைக்கறேன்யா. சாமி மேல கோவப்படாத” என்றார்.

“சாமி இன்னா சார் பண்ணுவாரு? மூடிய தொறந்தது நான்தானே.”

அப்போதுதான் அவர் சிரித்தார்.

பெயர்களைச் சாயந்திரம்தான் படித்தார்கள். அதுவரை சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துக்காரன் தன் போசியைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னை ஒரு வாய்கூடச் சாப்பிட வைக்க முடியாமல் அவனும் சாப்பிடாமல் இருந்தான். தேறினவர்களின் பெயரை வாத்தியார் ஒவ்வொன்றாகப் படித்தார். அவன் பெயர் நாலாவதாக வந்தது. என் பெயர் வரவேயில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவதாக, கடைசியாக, என் பெயரை வாத்தியார் முழுசாகப் படித்தார். வருஷம் முழுவதும் அவர் வாயிலிருந்து என் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு முதலில் அது யாரென்றே உறைக்கவில்லை. பக்கத்துக்காரன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான்: “அண்ணா, நீதான்!”

அடுத்த ரயிலிலேயே புத்தூர் வந்துவிட்டேன். மனைவி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள், ஆனாலும் கேட்டாள்.

“இன்னா மாமா, ஆச்சா?”

“ஆச்சி. கடைசி ஆளா ஆச்சி.”

நடந்ததையெல்லாம் சொன்னேன். மெயினைத் திறந்து பார்த்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எல்லாரும் பரீட்சையில படிச்சத கொட்டுவாங்க. நீ துன்னூறக் கொட்டிட்டு வந்திருக்கற” என்றாள். பெரிய பெண் என்ன என்று புரியாமலே அவளோடு சேர்ந்து சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. முகம் மாறிற்று.

“அந்த துன்னூற இன்னா பண்ண? தொடைச்சி தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்ல. வழிச்சி நெத்தியில வெச்சிக்கினேன்.”

“அப்ப சரி” என்றாள். “கை கால் கழுவிக்கினு வா, களி ஆறிப்பூடும்.”